எட்டுக் கஜமும் அரை விநாடியும்

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2004 நவம்பரில் ஒன்பது கிளாஸ்களோடு, அதாவது பாத்திர வகைகளோடு, வெளிவந்தது. அவற்றில் வில், குறுக்குவில், துப்பாக்கி இவற்றையே நம்பிப் பிழைத்த கிளாஸ் ஒன்றுதான்: ஹண்டர். இருப்பதிலேயே சுலபமான கிளாஸ் என்ற பெயர் அன்று அதன்மேல் ஒட்டியது, இன்னும் உரியவில்லை. வாள்காரன் எதிரியின் முகத்துக்கு நேரே நின்று அடிவாங்குகிறான். மந்திரக்காரன் உடம்பில் துணியைத் தவிரக் கவசமில்லாமல் உயிரைப் பணயம் வைக்கிறான். வில்லாளியோ எட்ட நின்று அம்பு விடுகிறான், அடிபடுகிற வேலையைத் தன் வளர்ப்பு மிருகத்தின் தலையில் கட்டுகிறான், நிலைமை கைமீறினால் செத்தவன்போல விழுந்து படுத்துக்கொள்கிறான். வாதம் இவ்வளவுதான். வேறு பல கற்பனை உலக ஆட்டங்களின் வில்லாளிகள் மீதும் இதே வாதம் சின்னச் சின்ன மாற்றங்களோடு வீசப்படுகிறது.

இந்தக் கருத்தைச் சொல்கிறவர்கள் கூடவே இன்னொன்றையும் சொல்வார்கள்: ஹண்டர் ஆடுகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஆடத் தெரியாது. ரெய்டுக்கு, அதாவது பெருங்குழுவாகப் போகும் படையெடுப்புக்கு, ஆள் சேர்க்கும்போது ஹண்டர் என்றால் உதட்டைப் பிதுக்குவது பழைய வழக்கம். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறவர்கள், ஒன்று மற்றொன்றின் காலை வாரிவிடுவதைக் கவனிப்பதில்லை. கிளாஸ் அவ்வளவு சுலபமென்றால் அதை மோசமாக ஆடுகிறவர்கள் ஏன் அத்தனை பேர்? திறமை குறைந்தவர்களைத்தான் சுலபமான கிளாஸ் இழுக்கிறது என்று பதில் வரும். அது வட்டமடிக்கும் வாதம். காரணம் வேறு இடத்தில் இருக்கிறது.

ஒன்றாம் லெவலிலிருந்து அறுபதுவரை தனியாக ஏறுவதற்கு ஹண்டரைப்போல வசதியான கிளாஸ் அன்று இல்லை என்பது உண்மைதான். பத்தாம் லெவலில் மிருகத்தைப் பழக்கக் கற்றுக்கொண்டதும், ஒரு கரடியோ பன்றியோ முன்னால் நின்று உறுமி எதிரியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். எசமானர் பின்னால் நின்று எய்துகொண்டிருக்கலாம். வாரியராக ஏறுகிறவர் இரண்டு எதிரிகள் சேர்ந்து வந்தால் செத்து, அடுத்த முறை எதிரிகளைப் பிரித்து இழுக்கக் கற்றுக்கொள்கிறார். மந்திரக்காரரான மேஜ் செத்துச் செத்து உறையவைக்கும் மந்திரத்தை எந்த நொடியில் போடுவது என்று அறிகிறார். ஹண்டருக்கு அந்தப் பாடம் கிடைப்பதில்லை, தவறுகளையெல்லாம் கரடி தாங்கிக்கொண்டுவிடுகிறது. அறுபதாம் லெவலை எட்டி, அடிதாங்கும் டேங்க், காயம் ஆற்றும் ஹீலர் என்று ஆளுக்கொரு வேலை இருக்கும் குழுவுக்குள் நுழையும் அன்றுதான் பள்ளிக்கூடமே தொடங்குகிறது, அதுவும் மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது. ஆக, மோசமான ஹண்டர்கள் ஏராளமாக இருந்ததற்குக் காரணம் கிளாஸின் எளிமை அன்று. அதன் கடினம் பிந்தி வருகிறது என்பதே காரணம்.

அந்தக் கடினத்தின் முதல் பாதி தூரம். பழைய ஆட்டத்தில் அம்பு எய்ய எதிரி குறைந்தது எட்டுக் கஜ தூரத்தில் இருக்கவேண்டும், முப்பத்தைந்து கஜத்துக்குள்ளும் இருக்கவேண்டும். கோடாரியாலோ ஈட்டியாலோ குத்த வேண்டுமென்றால் அவன் ஐந்து கஜத்துக்குள் வரவேண்டும். ஐந்துக்கும் எட்டுக்கும் நடுவில் ஒரு வளையம் இருந்தது. அங்கே எதிரி நின்றால் அம்பும் பாயாது, ஆயுதமும் எட்டாது. ஆட்டக்காரர்கள் அதை ‘டெட் ஸோன்’ என்றார்கள். மற்ற எந்தக் கிளாஸுக்கும் தன் கண்ணெதிரே நிற்கும் எதிரியை ஒன்றுமே செய்ய முடியாத இடம் என்று ஒன்று கிடையாது. ஆளுக்கு ஆள் மோதும் சண்டையில், விவரம் தெரிந்த எதிராளி ஹண்டரை நெருங்கி வெட்ட ஓடிவர மாட்டார். சரியாக அந்த மூன்று கஜ வளையத்துக்குள் ஒட்டிக்கொண்டு நிற்பார். எதிரி எத்தனை கஜத்தில் இருக்கிறான் என்று ஆட்டத்தின் திரை எண் போட்டுக் காட்டியதும் இல்லை. பொத்தானின் ஓரத்திலிருக்கும் எழுத்து சிவப்பானால் எட்டவில்லை என்று பொருள். மிச்சத்தைக் கண்மதிப்பில் பழகிக்கொள்ள வேண்டும்.

தூர நிற்பவருக்கு ஆட்டம் சலுகை காட்டியதும் உண்டு. டேங்க் சேர்த்துவைத்திருக்கும் அக்ரோவை, அதாவது எதிரியின் கோபக் கணக்கை, அருகில் நிற்பவர் நூற்றுப் பத்து விழுக்காட்டைத் தாண்டினாலே பாஸ் என்ற தலைமை எதிரி அவர் பக்கம் திரும்பிவிடும். தொலைவில் நிற்பவருக்கு அந்த வரம்பு நூற்று முப்பது. மறுப்பவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் சலுகை இது. ஆனால் இது மேஜுக்கும் வார்லாக்குக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்ட சலுகை, வில்லாளியின் தனிச்சொத்து அல்ல. டெட் ஸோன்தான் அவருக்கு மட்டுமே எழுதிவைக்கப்பட்ட சொத்து.

இரண்டாவது பாதி நேரம். பார்க்கிறவருக்கு ஹண்டரின் ‘ஆட்டோ ஷாட்’ பெயருக்கேற்பத் தானாக ஓடும் சமாச்சாரமாகத் தெரியும். ஒருமுறை அழுத்திவிட்டால் வில்லின் வேகத்துக்கேற்ப, மூன்று விநாடிக்கு ஒன்று என்ற கணக்கில் அம்பு போய்க்கொண்டே இருக்கும். உள்ளே நடப்பது வேறு. ஒவ்வொரு அம்பும் புறப்படுவதற்கு முந்தைய அரை விநாடி வில்லாளி அசையாமல் நிற்கவேண்டும். அந்த அரை விநாடியில் ஓரடி நகர்ந்தால் அம்பு தள்ளிப்போகும். இதைக் காட்ட ஆட்டத்தின் திரையில் எந்தப் பட்டையும் கிடையாது. சிலர் ஆட்-ஆன் போட்டுக்கொண்டார்கள், பலர் மனதுக்குள் தாளம் போட்டுக்கொண்டார்கள். இதற்கு மேல் ‘எய்ம்டு ஷாட்’. மூன்று விநாடி நின்று குறிபார்க்க வேண்டிய அம்பு அது, குறிபார்க்கும் நேரமெல்லாம் ஆட்டோ ஷாட் நின்றுவிடும். ஓர் அம்பு கையை விட்டுப் போன மறுகணமே எய்ம்டு ஷாட்டைத் தொடங்கினால் இழப்பு சொற்பம். அடுத்த அம்பு கிளம்பப்போகும் நேரத்தில் தொடங்கினால் கைக்கு வந்த அம்பைத் தானே விழுங்கிக்கொள்வதாகும். பொத்தான்கள் குறைவு என்பது மறுக்க முடியாதது. மிருதங்கத்துக்கும் இரண்டே முகம்தான்.

தூரமும் நேரமும் ஒன்றாகச் சோதிக்கப்படும் இடம் கைட்டிங், அதாவது துரத்திவரும் எதிரிக்குப் பிடிகொடுக்காமல் ஓடிக்கொண்டே அடிப்பது. எய்ய வேண்டுமென்றால் எதிரியைப் பார்த்து நிற்கவேண்டும், ஓட வேண்டுமென்றால் முதுகைக் காட்டவேண்டும். பின்பக்கமாக நடந்தால் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும், எதிரி எட்டிப் பிடித்துவிடுவான். இதற்கு ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்த வழி ஜம்ப் ஷாட். முழு வேகத்தில் ஓடும்போதே குதிக்கவேண்டும். கால் தரையை விட்டதும் உடல் போன திசையிலேயே போய்க்கொண்டிருக்கும், முகத்தை மட்டும் எங்கு வேண்டுமானாலும் திருப்பலாம். மௌஸை ஒரே இழுப்பில் நூற்றெண்பது பாகை திருப்பி, நிற்கத் தேவையில்லாத அம்பு ஒன்றை விட்டு, கால் தரையைத் தொடுவதற்குள் மறுபடி முன்பக்கம் திரும்பிவிட வேண்டும். சரியாகச் செய்தால் இடைவெளி ஒரு கஜம்கூடக் குறையாது. திரும்புவது கொஞ்சம் பிந்தினால் பக்கவாட்டில் ஓடிச் சுவரில் முட்டிக்கொள்ள வேண்டியதுதான். அந்த அம்பும் எதுவோ ஒன்றாக இருக்கமுடியாது. எதிரியின் வேகத்தைப் பாதியாக்கும் கன்கஸிவ் ஷாட்டின் வேலை நான்கு விநாடிதான், அதை மறுபடி எய்ய பன்னிரண்டு விநாடி ஆகும். இடைப்பட்ட எட்டு விநாடியை வேறு எதையாவது கொண்டு கடத்தியாக வேண்டும். ஓட்டத்தைக் கூட்டும் சீட்டா ஆஸ்பெக்டைப் போட்டுக்கொண்டால், ஒரே ஒரு அடி பட்டாலும் தலைசுற்றி வேகம் பாதியாகிவிடும்.

இந்தத் திறன் தேவைப்பட்ட இடம் ஒன்று மேல் பிளாக்ராக் ஸ்பயர் என்ற நிலவறை. அதன் கடைசி பாஸ் ஜெனரல் டிராக்கிசாத். அவனோடு இரண்டு காவலர்கள் நிற்பார்கள். மூவரையும் ஒரே நேரத்தில் சமாளிப்பது பெரும்பாலான குழுக்களுக்கு முடியாத காரியம். ஆகவே ஹண்டர் ஒருவர் டிராக்கிசாத்தை மட்டும் தன் பின்னால் இழுத்துக்கொண்டு, குழு வந்த வழியே சாய்தளத்தில் இறங்கி, ஏற்கெனவே காலிசெய்த அறைகள் வழியாக ஓடுவார். மற்றவர்கள் காவலர்களை முடிப்பார்கள். ஓடுகிறவருக்கு அந்தத் தொலைவில் ஹீலரின் கை எட்டாது. அருகில் சிக்கினால் டிராக்கிசாத் தீப்பற்றவைத்து நிலைகுலையச் செய்வான். ஓட்டம் ரொம்ப முந்திப்போனால் அவன் மனம் மாறித் திரும்பி குழுவின்மேல் பாய்வான், பிந்திப்போனால் ஹண்டர் பிணம், அதன் பிறகும் அவன் குழுவிடம்தான் போவான். காவலர்கள் விழுந்த செய்தி வந்ததும் ஹண்டர் செத்தவர்போல விழுவார், டிராக்கிசாத் தயாராக நிற்கும் டேங்கிடம் திரும்பி வருவான். எட்ட நின்று அம்பு விடுகிற சோம்பேறி வேலை என்று சொல்கிறவர்களில் யாரும் இந்த ஓட்டத்தை ஒருமுறையாவது தானாக முன்வந்து ஏற்றவராக இருக்க வாய்ப்பில்லை.

செத்ததுபோல் விழும் ஃபெய்ன் டெத் பற்றித்தான் கிண்டல் அதிகம். அதைக் கோழையின் தந்திரம் என்பார்கள். மறைந்து நின்று வாலியை எய்தது முறையா என்ற வழக்கைப் பட்டிமன்றங்கள் இன்னும் முடித்தபாடில்லை, முடிக்கவும் வேண்டாம். அது அறத்தைப் பற்றிய வழக்கு. இங்கே கேள்வி கைத்திறன் பற்றியது. கைத்திறன் என்று பார்த்தால் ஃபெய்ன் டெத் தப்பிக்கும் கதவாக இருந்ததைவிட வேலைக்கருவியாக இருந்ததுதான் அதிகம். அன்று சண்டை நடந்துகொண்டிருக்கும்போது பொறி வைக்க முடியாது. எதிரியை இருபது விநாடிவரை உறையவைக்கும் ஃப்ரீஸிங் டிராப்பைச் சண்டை நடுவே போடவேண்டுமென்றால் முதலில் மிருகத்தைத் திரும்ப அழைக்கவேண்டும், இல்லாவிட்டால் அதன் சண்டை எசமானரையும் சண்டைக்குள்ளேயே வைத்திருக்கும். பிறகு விழவேண்டும். ‘சண்டையில் இல்லை’ என்று ஆட்டம் ஒப்புக்கொள்ளும் அந்த இமைப்பொழுதில் பொறியை வைக்கவேண்டும், உடனே எழுந்துவிட வேண்டும். ஃபெய்ன் டெத் சில நேரம் பலிக்காமலும் போகும். பலித்ததா இல்லையா என்று தெரியும்போது பாஸ் மேலே வந்து நின்றுகொண்டிருக்கும். 2006 டிசம்பரில் வந்த 2.0 பதிப்புதான் சண்டை நடுவிலும் பொறி வைக்கலாம் என்று இந்த வித்தைக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

வளர்ப்பு மிருகத்தின் கணக்கும் அப்படித்தான். அது அடிவாங்கும் கேடயம் மட்டுமன்று, பராமரிக்க வேண்டிய ஜீவன். வேளாவேளைக்குத் தீனி போட்டு மகிழ்ச்சியாக வைத்திருந்தால் வழக்கத்தைவிட இருபத்தைந்து விழுக்காடு கூடுதலாகக் கடிக்கும், பட்டினி போட்டால் அதே அளவு குறைத்துக் கடிக்கும், விசுவாசம் போய்விட்டால் விட்டுவிட்டு ஓடியும்விடும். அதற்குக் கடிக்கவும் பிறாண்டவும் கற்றுத்தர எசமானர் முதலில் அந்த வித்தை தெரிந்த காட்டு மிருகத்தைத் தேடிப் பழக்கித் தானே கற்றுக்கொண்டு வரவேண்டும். உயரமான திண்ணையிலிருந்து ஹண்டர் கீழே குதித்தால் மிருகம் குதிக்காது. நல்ல பிள்ளையாகப் படிவழியே சுற்றிக்கொண்டு வரும், வழியில் நிற்கும் அத்தனை எதிரிகளையும் வால்பிடித்துக் கூட்டிவரும். நிலவறைகளில் குழுக்கள் கூண்டோடு அழிந்த கதைகள் பலவற்றுக்குப் பின்னால் இந்தக் கரடி இருக்கிறது. குதிப்பதற்குமுன் மிருகத்தை அனுப்பிவிடத் தெரிந்தவர்களை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

நாற்பது பேர் ரெய்டில் ஹண்டருக்கு அம்பு விடுவதைத் தவிர வேலையில்லை என்ற பேச்சுக்கு மோல்ட்டன் கோர் என்ற ரெய்டின் இரண்டாவது பாஸான மாக்மடார் பதில் சொல்லும். அந்த இரட்டைத் தலை நாய்க்கு அவ்வப்போது வெறி பிடிக்கும், அடியின் வேகம் ஏறும். வெறியை உடனே தணிக்காவிட்டால் டேங்க் சில நொடிகள்கூடத் தாங்கமாட்டார். தணிப்பது டிராங்க்விலைஸிங் ஷாட் மட்டுமே. அதைக் கற்பிக்கும் புத்தகம் முதல் பாஸான லூசிஃப்ரானிடம் கிடைக்கும். ஒருவர் எய்தால் அவருக்கே மறுபடி எய்ய இருபது விநாடி ஆகும், அம்பு தவறவும் செய்யும். ஆகவே ஹண்டர்கள் முறைவைத்து எய்யவேண்டும், முன்னவர் அம்பு தவறினால் அடுத்தவர் அந்த நொடியே எய்யத் தயாராக இருக்கவேண்டும். முப்பத்துச் சொச்சம் பேரின் உயிர் அந்த வரிசையில் தொங்கும்.

ஆட்டத்தை உருவாக்கியவர்களே இந்தக் கிளாஸை எப்படி மதித்தார்கள் என்பதற்கு ரோக்டெலார் என்ற வில் சான்று. அதைப் பெற, மோல்ட்டன் கோரில் கிடைக்கும் ஒரு பழைய இலையை எடுத்துக்கொண்டு ஃபெல்வுட் காட்டுக்குப் போகவேண்டும். அங்கிருந்து தொடங்கும் பணியில், மனித உருவில் ஒளிந்திருக்கும் நான்கு பேய்களை விண்டர்ஸ்பிரிங், அன்கோரோ, சிலித்தஸ், பர்னிங் ஸ்டெப்ஸ் ஆகிய நான்கு இடங்களில் தேடிப்பிடித்து ஹண்டர் தனியாகக் கொல்லவேண்டும். வேறு யாராவது கைகொடுத்தால் பேய் மறைந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பலவீனம் வைக்கப்பட்டிருந்தது. ஒன்றுக்கு சர்ப்பென்ட் ஸ்டிங், ஒன்றுக்கு வைப்பர் ஸ்டிங், ஒன்றுக்கு ஸ்கார்பிட் ஸ்டிங், ஒன்றுக்கு விங் கிளிப் என்று ஹண்டர் தன் பையின் அடியில் போட்டு மறந்துவிட்ட வித்தைகளையெல்லாம் மறுபடி வெளியே எடுக்கவைத்தது அந்தப் பணி. விண்டர்ஸ்பிரிங் பனியில் ஆர்ட்டோரியஸோடு நடக்கும் சண்டை ஏறக்குறைய முழுக்க ஓடியே முடிக்கவேண்டியது. பொத்தானை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போகிறவருக்குக் கிடைக்கும் வில் அல்ல அது.

இதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் மிச்சமிருக்கிறது. இத்தனை பாடுபட்டும் பழைய ஆட்டத்தின் கடைசி ரெய்டுகளில் ஹண்டரின் டேமேஜ் வாரியர், ரோக், மேஜ் அளவுக்கு ஏறவில்லை. நல்ல கவசமும் ஆயுதமும் சேரச் சேர அவர்கள் தாவிப் போனார்கள், ஹண்டர் பின்தங்கினார். உண்மை. ஆனால் இது கூலி குறைவு என்பதற்குச் சான்று, வேலை சுலபம் என்பதற்கு அன்று. டேமேஜ் பட்டியலை மட்டும் பார்த்துத் திறனை அளக்கும் பழக்கம்தான் இரண்டையும் குழப்புகிறது. டிராக்கிசாத்தை இழுத்துக்கொண்டு ஓடியது அந்தப் பட்டியலில் ஏறுவதேயில்லை.

வில்லாளி எளிது என்ற கருத்துக்கு இன்னொரு ஊற்று பெதெஸ்டாவின் ஸ்கைரிம். 2011 நவம்பர் 11 அன்று வந்த அந்த ஆட்டத்தில் மந்திரவாதியாகத் தொடங்கினாலும் கோடாரிக்காரனாகத் தொடங்கினாலும் கடைசியில் எல்லோரும் பதுங்கி எய்யும் வில்லாளியாகத்தான் முடிகிறார்கள் என்பது உலகறிந்த கிண்டல். அங்கே வில்லாளி சுலபம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் சுலபத்தைத் தருவது வில்லா? பதுங்கியிருந்து எய்தால் அம்பின் டேமேஜ் இரண்டு மடங்கு, உரிய பெர்க், அதாவது சிறப்புத்திறன், எடுத்தால் மூன்று மடங்கு. அதே பதுங்கலில் பெர்க் எடுத்துக் குத்தும் கத்திக்குப் பதினைந்து மடங்கு. கணக்கு கத்தியின் பக்கம்தான். வில்லைச் சுலபமாக்கியது எதிரிகளின் மறதி. நெஞ்சில் அம்பு குத்தி நிற்க, பக்கத்தில் தோழன் செத்துக் கிடக்க, கொஞ்ச நேரம் தேடிவிட்டு யாரும் இல்லை என்று காவலுக்குத் திரும்பிவிடும் கொள்ளைக்காரர்கள் அவர்கள். அந்த மூளையை எதிர்த்து எந்த ஆயுதம் தூர நின்று அடித்தாலும் வெற்றிதான். பழி வில்லின்மேல் விழுகிறது.

எதிரிக்குக் கொஞ்சம் புத்தி வைத்த ஆட்டத்தில் நிலைமை மாறிவிடும். லேரியன் 2023இல் வெளியிட்ட பால்டர்ஸ் கேட் 3இல், எதிரி கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும்போது வில்லை எய்தால் இரண்டு பகடை உருட்டிக் குறைந்த எண்ணைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். எதிரிகளும் அதைத் தெரிந்துகொண்டதுபோல நேரே வில்லாளியிடம் ஓடிவருவார்கள். உயரத்தில் நின்றால் குறிக்கு இரண்டு கூடும், பள்ளத்தில் நின்றால் இரண்டு குறையும். ஷார்ப்ஷூட்டர் என்ற ஃபீட், அதாவது கூடுதல் திறன், பத்து டேமேஜ் கூட்டித்தருகிறது, ஆனால் குறியில் ஐந்தைக் கழித்துக்கொள்கிறது. குறுக்குவில்காரருக்கு அருகாமைத் தண்டனையிலிருந்து விடுதலை தர ஒரு ஃபீட் உண்டு. சாதாரண வில்காரருக்கு அதுவும் இல்லை, மேடு தேடி ஓடவேண்டியதுதான்.

வார்கிராஃப்டின் வடிவமைப்பாளர்கள் எதிர்த்திசையில் போனார்கள். ஹண்டரின் தொந்தரவுகள் எல்லாம் குறைகள் என்று கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தார்கள். 2007 நவம்பரில் வந்த 2.3 பதிப்பில் எட்டுக் கஜம் ஐந்தானது, டெட் ஸோன் மறைந்தது. 2010 அக்டோபரில் அம்புக்கட்டுகள் போயின, மந்திர ஆற்றலான மானாவின் இடத்தில் ஃபோகஸ் வந்தது. 2012இல் குறைந்தபட்ச தூரம் என்பதே இல்லாமல் போயிற்று, எதிரியின் மூக்கை ஒட்டி நின்றும் எய்யலாம். கைக்கோடாரியும் அதோடு போனது. இதில் வேடிக்கை, தூரத்தின் விலையெல்லாம் நீக்கியான பிறகு 2016இல் ஹண்டரின் மூன்று கிளைகளில் ஒன்றான சர்வைவலை அருகில் நின்று ஈட்டியால் குத்தும் கிளையாக மாற்றினார்கள்.

இன்றைய பீஸ்ட் மாஸ்டரி ஹண்டர் எல்லாவற்றையும் ஓடிக்கொண்டே எய்யலாம். அவரைச் சுலபம் என்று சொன்னால் மறுக்க ஒன்றுமில்லை. மறுக்க வேண்டியது, இந்த எளிமையை வில்லாளியின் பிறவிக்குணமாகக் காட்டி, 2004இன் ஹண்டர்மேலும் அதே முத்திரையைக் குத்துவது. 2019 ஆகஸ்டில் கிளாசிக் பதிப்பு திறந்தபோது எட்டுக் கஜமும், பசிக்கும் கரடியும், தீர்ந்துபோகும் அம்புகளும் அப்படியே திரும்பி வந்தன. கரடி தாங்கிக்கொண்டதால் அறுபது லெவலை அலுங்காமல் எட்டிய புதிய ஹண்டர்கள், பதினைந்து ஆண்டுக்கு முந்தையவர்கள் திணறிய அதே வளையத்தில் திணறினார்கள். புதிய ஆட்டத்திலும் தொந்தரவு முழுக்க ஒழிந்துவிடவில்லை. மார்க்ஸ்மன்ஷிப் கிளைக்காரர் எய்ம்டு ஷாட் எய்ய இன்னமும் நின்றுதான் ஆகவேண்டும். காலடியில் நெருப்பு விழும் பாஸ்களிடம் எப்போது நிற்பது, எப்போது நகர்வது என்ற கணக்கை அவர் இன்றும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.